பெருமம் சிறுமம் கணக்கு உதைக்கிறதா? எந்த அறிகுறிக்கு எங்கே கோளாறு

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வேறு எந்தப் பாடத்திலும் இல்லாத அளவுக்கு இந்த ஒரு கணக்கில்தான் விதவிதமான தப்பு விடைகள் வரும். ஒரு பல்லுறுப்புக்கோவைச் சார்பும் ஒரு மூடிய இடைவெளியும் கொடுத்து, அதற்குள் மீப்பெரு பெருமம் எவ்வளவு, மீச்சிறு சிறுமம் எவ்வளவு என்று கேட்பார்கள். வேலை மூன்றே வரி. வகையிட வேண்டும், பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்த வேண்டும், கிடைத்த புள்ளிகளிலும் இடைவெளியின் இரண்டு முனைகளிலும் மதிப்பைப் போட்டுப் பார்த்து ஒப்பிட வேண்டும். இதில் தப்பு விட என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், தப்பு விடையைப் பார்த்தாலே எந்த வரியில் சறுக்கினீர்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஒரு சின்ன சமாதானம் முதலில். விசைப்பலகையில் மொழியை மாற்றி மாற்றித் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் மாறியை ம என்றும் சார்பை ச என்றும் எழுதுகிறேன். நான் ச(ம) என்று எழுதும் இடத்தில் உங்கள் நோட்டில் எஃப் ஆஃப் எக்ஸ் இருக்கும். ச′(ம) என்றால் முதல் வகைக்கெழு.

பெரும்பாலும் ஒரே சார்பை வைத்துக்கொண்டே போகலாம்:

ச(ம) = 2ம³ − 3ம² − 12ம + 5, இடைவெளி [−2, 4]

ச′(ம) = 6ம² − 6ம − 12 = 6(ம − 2)(ம + 1)

வகைக்கெழு பூஜ்ஜியமாகும் இடங்கள், அதாவது மாறுநிலைப் புள்ளிகள், −1 மற்றும் 2. இரண்டும் இடைவெளிக்குள் இருக்கின்றன. முனைகளையும் சேர்த்தால் பட்டியல் இது:

ச(−2) = 1
ச(−1) = 12
ச(2) = −15
ச(4) = 37

மீப்பெரு பெருமம் 37, மீச்சிறு சிறுமம் −15. முடிந்தது.

இந்த நாலு இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று எப்படி நம்புவது? மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு தன் உச்சத்தையும் அடியையும் எங்கேயாவது தொட்டே தீரும் என்பது போல்சானோ, வையர்ஸ்ட்ராஸ் இருவர் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படும் 19-ஆம் நூற்றாண்டுத் தேற்றம். அப்படித் தொடும் இடம் இடைவெளியின் உள்ளே இருந்தால், வகைக்கெழு இருக்கும் பட்சத்தில் அது அங்கே பூஜ்ஜியமாக இருந்தாக வேண்டும், இது 17-ஆம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா பிடித்த விஷயம். பல்லுறுப்புக்கோவைக்கு முறிவும் கிடையாது, கூர்முனையும் கிடையாது, எல்லா இடத்திலும் வகையிடலாம். ஆகவே உச்சமும் அடியும் ஒளிந்துகொள்ள வேறு இடமே இல்லை. மூன்றாம் படிச் சார்புக்கு அதிகபட்சம் நாலு இடம், நாலாம் படிக்கு அதிகபட்சம் ஐந்து இடம். உங்கள் பட்டியல் அதைவிட நீளமாக இருந்தால் எங்கேயோ கோளாறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

"வரைபடம் போட்டுப் பார்த்தால் நான் சொன்ன பெருமத்துக்கு மேலேயும் கோடு போகிறது"

முனைகளை மறந்துவிட்டீர்கள். மேலே உள்ள கணக்கில் பெருமம் 12, சிறுமம் −15 என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். 12 என்பது பொய்யான எண் இல்லை, அது இடஞ்சார்ந்த பெருமம், அக்கம்பக்கத்தில் மட்டும் பெரிய ஆள். தெருவில் உயரமானவன் ஊரில் உயரமானவனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வலது முனையில் 37 உட்கார்ந்திருக்கிறது.

முனையில் வகைக்கெழு பூஜ்ஜியமாக இருக்காதே, அங்கே எப்படிப் பெருமம் வரும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ச′(4) = 60, கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம், உண்மைதான். ஆனால் 4-க்கு அப்பால் போக அனுமதி இல்லை. ஏறிக்கொண்டே வந்தவனை வாசலில் நிறுத்தினால் அவன் நிற்கும் படிதான் அவனுக்கு உச்சம்.

இதே சார்பில் வலது முனையை நகர்த்திப் பார்த்தால் விஷயம் இன்னும் நன்றாகப் புரியும். இடைவெளி [−2, 3] என்றால் ச(3) = −4, எனவே பெருமம் 12. முனையை 4-க்குக் கொண்டுபோனால் பெருமம் 37. அப்படியானால் நடுவில் எங்கேயோ ஆட்சி மாறியிருக்க வேண்டும். எங்கே? ச(ம) = 12 என்று போட்டால் 2ம³ − 3ம² − 12ம − 7 = 0, இதைக் காரணிப்படுத்தினால் (ம + 1)²(2ம − 7) = 0. அதாவது 3.5. முனை 3.5-க்கு இந்தப்பக்கம் இருக்கும்வரை −1-இல் உள்ள 12 ஜெயிக்கும், தாண்டிவிட்டால் முனை ஜெயிக்கும். இடதுபக்கத்திலும் இதே கதைதான், இடது முனை −2.5-க்குக் கீழே இறங்கினால் சிறுமம் 2-ஐ விட்டுவிட்டு அந்த முனைக்குப் போய்விடும். (ச(ம) = −15 என்று போட்டால் (ம − 2)²(2ம + 5) = 0 வரும், போட்டுப் பாருங்கள்.) சார்பு மட்டும் கேள்வி இல்லை, இடைவெளியும் கேள்வியில் பாதி. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதி கோளாறுகள் உங்கள் பக்கமே வராது.

"என் பெருமம் புத்தக விடையைவிடப் பெரிதாக இருக்கிறது"

இது முன்னதன் தலைகீழ். இடைவெளிக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியைப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். அதே சார்பு, இடைவெளி மட்டும் [0, 3] என்று வைத்துக்கொள்வோம். வகைக்கெழு இன்னும் −1, 2 என்றுதான் சொல்லும், அதற்கு இடைவெளி பற்றி ஒன்றும் தெரியாது. −1 வெளியே நிற்கிறது, அதை அடித்துவிட வேண்டும். மிச்சம் ச(0) = 5, ச(2) = −15, ச(3) = −4. பெருமம் 5, சிறுமம் −15. −1-ஐ அடிக்க மறந்தவர் 12 என்று எழுதியிருப்பார்.

சமப்படுத்தி மூலங்கள் கிடைத்த அடுத்த வரியிலேயே "−1 இடைவெளியில் இல்லை, 2 இருக்கிறது" என்று எழுதிவிடச் சொல்லி நான் வற்புறுத்துவேன். பரீட்சையில் மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை. எழுதினால்தான் கண் அங்கே போகும்.

"எங்கே போட்டாலும் பூஜ்ஜியம் வருகிறது"

மாறுநிலைப் புள்ளிகளை ச-வில் போடாமல் ச′-இல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்ததே ச′ பூஜ்ஜியமாகிறது என்றுதான், பிறகு அங்கே பூஜ்ஜியம் வராமல் வேறு என்ன வரும்? முனைகளையும் அதிலேயே போட்டவர்களுக்குப் பட்டியல் 24, 0, 0, 60 என்று வரும், அவர்கள் "பெருமம் 60, சிறுமம் 0" என்று அழகாகக் கட்டம் கட்டி விடை எழுதுவார்கள். அந்த 60 முனையில் உள்ள சாய்வு, உயரம் இல்லை. கடைசி வரிசையில் பூஜ்ஜியங்கள் கூட்டமாக நின்றால் வேறு எதையும் பார்க்காதீர்கள், நேராக மேலே போய் எந்தச் சார்பில் போட்டோம் என்று பாருங்கள்.

"வகைக்கெழுவுக்கு மூலமே கிடைக்கவில்லை, கணக்கு தப்பாக அச்சாகியிருக்குமோ?"

அச்சுப்பிழையாக இருக்காது, பயப்பட வேண்டாம். ச(ம) = ம³ + 3ம − 2 என்றால் ச′(ம) = 3ம² + 3, இது எப்போதும் நேர் எண், மெய் மூலம் கிடையாது. அப்படியென்றால் சார்பு ஏறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம், இடது முனையில் சிறுமம், வலது முனையில் பெருமம். [−1, 2] என்றால் −6, 12. இதைவிடச் சுலபமான கணக்கே கிடையாது. மூலங்கள் இருந்தும் அத்தனையும் இடைவெளிக்கு வெளியே விழுந்தாலும் இதே நிலைதான், நம் பழைய சார்பை [3, 5]-இல் கேட்டால் ச(3) = −4, ச(5) = 120, அவ்வளவுதான் விடை. கற்பனை மூலங்களைப் பட்டியலில் சேர்க்கப் பார்த்த ஒரு பையனும் உண்டு. வேண்டாம்.

"முறை எல்லாம் சரி, ஆனாலும் விடை சரியில்லை"

இப்படி வருகிறவர்களின் நோட்டை வாங்கினால் நான் முதலில் பார்ப்பது, எங்கேயாவது ம-வால் வகுத்திருக்கிறார்களா என்பதைத்தான். உதாரணமாக

ச(ம) = 3ம⁴ − 4ம³ − 12ம² + 3, இடைவெளி [−1, 2]

ச′(ம) = 12ம³ − 12ம² − 24ம. இதைப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தி, இரண்டு பக்கமும் 12ம-வால் வகுத்து, ம² − ம − 2 = 0, ஆகவே ம = 2, −1 என்று முடித்துவிடுவார்கள். வகுத்த கையோடு ம = 0 என்ற மூலம் காணாமல் போயிற்று. மிச்சம் இருக்கும் −1, 2 இரண்டும் முனைகளாகவும் இருப்பதால் பட்டியல் ச(−1) = −2, ச(2) = −29 என்று சுருங்கிவிடும், பெருமம் −2 என்று எழுதுவார்கள். உண்மையில் ச(0) = 3. அதுதான் பெருமம்.

இதில் ஏமாற்று என்னவென்றால், இதே தப்பை [−2, 3] இடைவெளியில் செய்தால் மாட்டிக்கொள்ளவே மாட்டீர்கள். அங்கே ச(−2) = 35, ச(−1) = −2, ச(2) = −29, ச(3) = 30. 0-ஐத் தொலைத்தாலும் பெருமம் 35, சிறுமம் −29 என்று சரியான விடையே வந்துவிடும். விடை சரியாக வந்ததால் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒருநாள் காலை வாரும். எண்ணால் வகுக்கலாம், மாறியால் வகுக்காதீர்கள், பொதுக்காரணியாக வெளியே எடுத்து வையுங்கள்: 12ம(ம − 2)(ம + 1) = 0.

"இரண்டாம் வகைக்கெழு பூஜ்ஜியமாகிவிட்டது, இது பெருமமா சிறுமமா?"

தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள், ஏனென்றால் இடஞ்சார்ந்த பெருமம் பாடத்தில் இரண்டாம் வகைக்கெழுச் சோதனையை அவ்வளவு பாடுபட்டுப் படித்திருக்கிறார்கள்.

ச(ம) = ம⁴ − 4ம³ எடுத்துக்கொள்ளுங்கள், இடைவெளி [−1, 4]. ச′(ம) = 4ம²(ம − 3). புள்ளிகள் 0, 3. 0-வில் இரண்டாம் வகைக்கெழுவும் பூஜ்ஜியம், சோதனை கையை விரித்துவிடும். அங்கே பெருமமும் இல்லை சிறுமமும் இல்லை, வளைவு மாறும் இடம் மட்டும்தான். சரி, அதனால் என்ன? பட்டியலில் அது பாட்டுக்கு இருக்கட்டும். ச(−1) = 5, ச(0) = 0, ச(3) = −27, ச(4) = 0. பெருமம் 5, சிறுமம் −27. நடுவில் வந்த 0 யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை.

இடைவெளிக்குள் இருக்கும் வேண்டாத புள்ளி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் ஒரு நஷ்டமும் கிடையாது, அது தோற்றுவிட்டுப் போகும். வேண்டிய புள்ளி ஒன்றை விட்டால்தான் ஆபத்து, வெளியே உள்ளதைச் சேர்த்தாலும் ஆபத்து. ஆகவே சந்தேகமாக இருந்தால் சேருங்கள், உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகைக்கெழுவுக்குச் செலவழிக்கும் நேரத்தில் மதிப்புகளை இன்னொரு தடவை சரிபார்க்கலாம்.

"மூலம் அசிங்கமாக வருகிறது, தோராயமாகப் போட்டால் விடை தப்பாகுமா?"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இதுதான்.

ச(ம) = ம³ − 2ம² − ம + 3, இடைவெளி [−1, 2]. ச′(ம) = 3ம² − 4ம − 1, காரணி பிரியாது, சூத்திரம் போட்டால் ம = (2 ± √7)/3. தசமத்தில் ஏறத்தாழ 1.5486, −0.2153. இதை மும்மடியாக்கி ச-வில் போடுவதா என்று தலையில் கைவைத்துக்கொள்வார்கள்.

துல்லியமான விடை வேண்டுமென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. அந்தப் புள்ளிகளில் ச′ பூஜ்ஜியம், ஆகவே ம² = (4ம + 1)/3. இதையே பயன்படுத்தி ம³-ஐயும் இறக்கினால் ம³ = (19ம + 4)/9. இரண்டையும் ச-வில் வைத்தால் மொத்தமும் (25 − 14ம)/9 என்று ஒரே வரிக்கு வந்துவிடும். ச-வை ச′-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் இது. இப்போது மூலத்தைப் போடுங்கள்: (47 + 14√7)/27, (47 − 14√7)/27. தசமத்தில் 3.1126, 0.3689. முனைகளில் ச(−1) = 1, ச(2) = 1. பெருமமும் சிறுமமும் இரண்டுமே உள்ளேயே கிடைத்துவிட்டன.

தோராயம் போதுமென்றால், 1.5486-க்குப் பதிலாக 1.55 என்று போட்டு ச-வைக் கணக்கிடுங்கள். 0.368875 வரும். உண்மை மதிப்பு 0.36887. புள்ளியில் மூன்றாம் தசமத்திலேயே பிசகு, விடையில் ஐந்தாம் தசமம் வரை தெரியவே இல்லை! ஒன்றும் மாயம் இல்லை. மாறுநிலைப் புள்ளியில் தொடுகோடு கிடையாகப் படுத்திருக்கிறது, அங்கே கொஞ்சம் நகர்ந்தால் உயரம் அவ்வளவாக மாறாது, பிழை வர்க்கமாகிச் சிறுத்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: தோராய எண்ணைக் குறுக்குவழிச் சூத்திரத்தில் போடாதீர்கள். (25 − 14ம)/9-இல் 1.55 போட்டால் 0.3667 வருகிறது, இரண்டாம் தசமத்தைத் தாண்டியதுமே பிசகிவிட்டது. அது நேர்கோடு, அங்கே பிழை சிறுக்க வழியில்லை. துல்லியமான மூலத்துக்குக் குறுக்குவழி, தோராய மூலத்துக்கு அசல் சார்பு. முனைகளைத் தோராயமாக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இதுதான், அங்கே சாய்வு பூஜ்ஜியம் இல்லை.

உச்சத்துக்குப் பக்கத்தில் மாற்றம் மந்தம் என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் கெப்ளர், ஆமாம், கோள்களின் கெப்ளர்தான். 1613-இல் லின்ஸ் நகரத்தில் தன் கல்யாணத்துக்கு ஒயின் வாங்கியபோது, வியாபாரி பீப்பாயின் நடுத்துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டு, அது எவ்வளவு உள்ளே போகிறது என்று மட்டும் பார்த்து விலை சொன்னாராம். நெட்டையோ குட்டையோ எந்தப் பீப்பாய்க்கும் ஒரே கோல்தானா என்று கெப்ளருக்கு உறுத்திவிட்டது, 1615-இல் பீப்பாய்களின் கன அளவு பற்றி ஒரு புத்தகமே போட்டுவிட்டார். பீப்பாயை உருளையாக எண்ணி, கோலின் நீளம் 1, உருளையின் நீளம் ம என்று வைத்தால் கன அளவு (π/4)(ம − ம³/4), இடைவெளி [0, 2]. அசல் நம் கணக்கு! இரண்டு முனையிலும் பூஜ்ஜியம், உள்ளே ம = 2/√3-இல் பெருமம். அந்த நீளத்தில் 10 சதவீதம் பிசகினாலும் கன அளவு ஒன்றரை சதவீதம் போலத்தான் குறைகிறது. ஆஸ்திரியப் பீப்பாய்கள் அந்த வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அந்த ஒற்றைக் கோல் அளவில் பெரிதாக நஷ்டம் இல்லை.

"இரண்டு இடத்தில் ஒரே பெருமம் வருகிறது, எதை எழுதுவது?"

இரண்டையும். முதன்முதலில் பார்த்த சார்பில் இடைவெளி [−2, 3.5] என்றால் −1-இலும் 12, 3.5-இலும் 12. பெருமம் ஒன்றுதான், அது நிகழும் இடம் இரண்டு. ச(ம) = 8ம⁴ − 8ம² + 1 என்ற சார்பை [−1, 1]-இல் போட்டுப் பாருங்கள், −1, 0, 1 மூன்றிலும் பெருமம் 1, ±1/√2 இரண்டிலும் சிறுமம் −1. செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகளில் ஒன்று இது, பார்க்கவே அழகாக இருக்கும்.

அப்படியே இதையும் சொல்லிவிடுகிறேன், எக்செல் ஷீட்டில் 0.5 இடைவெளி விட்டு எண்களை நிரப்பி மிகச் சிறியதைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சார்பில் சிறுமம் −0.5 என்று வரும். வகையிடாமல் தப்பிக்கப் பார்த்தால் இப்படித்தான்.

எங்கே, எவ்வளவு என்ற குழப்பமும் இந்த இடத்தில்தான் வரும். அந்த முதல் சார்பை [−2, 3]-இல் கேட்டால் "பெருமம் −1" என்று எழுதுகிறார்கள், −1 என்பது இடம், 12 என்பது பெருமம். கேள்வி மதிப்பைக் கேட்டால் மதிப்பு, இடத்தைக் கேட்டால் இடம், எதைக் கேட்கிறது என்று தெரியாவிட்டால் "ம = −1-இல் பெருமம் 12" என்று இரண்டையும் எழுதித் தொலையுங்கள்.

"ஒவ்வொரு தடவை போடும்போதும் வேறு மதிப்பு வருகிறது"

குறி. வேறு என்ன. முதல் சார்பின் ச(−2)-இல் −3(−2)² என்பதை +12 என்று எழுதினால் 1-க்குப் பதில் 25 வரும். [−2, 4]-இல் 37 அதை மறைத்துவிடும், [−2, 3]-இல் கேட்டிருந்தால் பெருமம் 25 என்று போய் விழுவீர்கள்.

அடுக்குகளைத் தனித்தனியாகக் கணக்கிடாதீர்கள். தொகுமுறை வகுத்தல் படித்தது நினைவிருக்கிறதா, அதே முறைதான் இங்கே கை கொடுக்கும். கெழுக்கள் 2, −3, −12, 5. ம = −2 என்றால்: 2-ஐ இறக்கு, −2-ஆல் பெருக்கி −3-உடன் கூட்டு, −7. மறுபடி பெருக்கிக் கூட்டு, 14 − 12 = 2. மறுபடி, −4 + 5 = 1. மீதிதான் மதிப்பு. ம = 4-க்கு 2, 5, 8, 37. அடுக்கே கிடையாது, பெருக்கல் கூட்டல் மட்டும். இதை ஹார்னர் முறை என்பார்கள், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 1247-இல், சீனத்தில் சின் சியூஷாவ் இதைக் கையாண்டிருக்கிறார். நடுவில் ஏதாவது படி இல்லாவிட்டால் அந்த இடத்தில் 0 போட மறக்காதீர்கள், ம³ − 3ம என்றால் கெழுக்கள் 1, 0, −3, 0.

இன்னொரு சோதனை, இதை யாரும் செய்வதில்லை, ஆனால் அரை நிமிட வேலை. பட்டியலை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வகைக்கெழு குறி மாறாது, ஆகவே சார்பு ஒன்று ஏறும் அல்லது இறங்கும். −2-க்கும் −1-க்கும் நடுவில் ச′(−1.5) = 10.5, நேர் எண், எனவே ஏறியாக வேண்டும். 1-இலிருந்து 12-க்கு ஏறுகிறது, சரி. தப்பாக 25 போட்டிருந்தால் 25-இலிருந்து 12-க்கு இறங்கும், உடனே மாட்டிக்கொள்ளும்.

"பெட்டிக் கணக்கில் இடைவெளியே கொடுக்கவில்லையே"

நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். 24 செ.மீ. சதுர அட்டையின் நாலு மூலையிலும் ம பக்கமுள்ள சதுரம் வெட்டி, மடித்து, மூடியில்லாப் பெட்டி செய்தால் கன அளவு ம(24 − 2ம)². இரண்டு பக்கமிருந்தும் வெட்டுவதால் ம 12-ஐத் தாண்ட முடியாது, இடைவெளி [0, 12]. வகைக்கெழு (24 − 2ம)(24 − 6ம), புள்ளிகள் 4, 12. முனைகளில் பூஜ்ஜியம், 4-இல் 1024 கன செ.மீ. அதுதான் விடை. இடைவெளி போடாதவர்களிடம் நான் ம = 20 போட்டுப் பார்க்கச் சொல்வேன், 5120 வரும். 24 செ.மீ. அட்டையில் மூலைக்கு 20 செ.மீ. வெட்டி ஐந்து மடங்கு பெரிய பெட்டி! சூத்திரத்துக்கு அட்டையும் தெரியாது, கத்தரிக்கோலும் தெரியாது.

"விடை 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு எண் வருகிறதே"

அடைப்புக்குறியைப் பாருங்கள். நம் முதல் சார்பையே கேட்டிருந்தால், [−2, 4] இல்லை, (−2, 4) என்று இருக்கும். திறந்த இடைவெளியில் 4 சேர்த்தி இல்லை. 3.9, 3.99, 3.999 என்று போகப் போக மதிப்பு 37-ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடாது, எனவே மீப்பெரு பெருமம் இல்லை. ஆனால் அவசரப்பட்டு சிறுமமும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், அது 2-இல் உள்ளேயே இருக்கிறது, −15-தான். (−2, 3) என்று கேட்டால் பெருமமும் உண்டு, 12, ஏனென்றால் இரண்டு முனை மதிப்புகளும், 1, −4, அதற்குக் கீழேதான். திறந்த இடைவெளி என்றால் முனை மதிப்புகளையும் கணக்கிட்டு வையுங்கள், ஆனால் பட்டியலில் ஓரமாக. அவற்றில் ஒன்று ஜெயித்தால் "இல்லை", உள்ளே இருப்பது ஜெயித்தால் அதுவே விடை. இரண்டும் சமமாக வந்தாலும் உள்ளே இருப்பதுதான் விடை, (−2, 3.5)-இல் பெருமம் 12, அது −1-இல் மட்டும்.